மண்வெட்டிக்கும் டிராக்டருக்கும் நடுவே ஒரு ஜோடி எருது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய டிராக்டர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதியாவது பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஏரும் எருதுமாகத் தேங்கிப்போன ஆப்பிரிக்க உழவு இனி இயந்திரத்துக்கு மாறிவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் உள்ள பிழை சிறியதன்று. அதன்மேல் கட்டிய முடிவுகளையும் அது கோணலாக்கிவிடுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சகாராவுக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான சிற்றூர்கள் ஏரில் தேங்கவில்லை. அவை இன்னும் ஏருக்கே வந்து சேரவில்லை. அங்கே நிலத்தைப் பண்படுத்தும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மனிதர்கள் கையால் செய்கிறார்கள் என்றும், கால் பங்கை மட்டுமே கால்நடைகள் செய்கின்றன என்றும், எஞ்சிய சிறு பங்குதான் இயந்திரத்தினுடையது என்றும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘ஜெம்பே’ என்று வழங்கும் மண்வெட்டியால் ஒரு ஹெக்டேரைக் கொத்தி முடிக்க ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பழகிய ஒரு ஜோடி எருது அதே நிலத்தை நாலைந்து நாளில் உழுதுவிடும். ஆகவே அங்குள்ள உழவர் முன் இருக்கும் கேள்வி எருதா டிராக்டரா என்பதன்று. தம் முதுகா எருதின் தோளா என்பதுதான்.

கிழக்கு உகாண்டாவின் சொரோட்டி நகரில் தங்கி, 1990-களின் நடுவில் இரண்டு ஆண்டுகள் உழவுமாட்டுத் திட்டம் ஒன்றில் வேளாண் பொறியாளனாகப் பணியாற்றியவன் நான். டெசோ என்று வழங்கும் அந்த வட்டாரத்தின் கதை, உழவுமாடு ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் என்பதை வேறெங்கும் காண முடியாத அளவுக்குத் துலக்கமாகக் காட்டுகிறது. ஏனெனில் அங்கே மாடு வந்தது, போனது, மறுபடியும் வந்தது. மூன்றையும் ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

எருது கட்டி உழுவது டெசோ மக்களுக்குப் பூட்டன் காலத்துத் தொழில் அன்று. பருத்திச் சாகுபடியைப் பரப்ப விரும்பிய பிரிட்டிஷ் நிர்வாகம் 1910-ஐ ஒட்டிக் கூமி பகுதியில் இரும்புக் கலப்பையை அறிமுகப்படுத்தியது. மாடு மேய்ப்பதில் ஏற்கெனவே தேர்ந்தவர்களாதலால் அம்மக்கள் அதை விரைவில் தமதாக்கிக்கொண்டார்கள். பருத்தி விற்ற காசில் கலப்பை, கலப்பையால் கூடுதல் நிலம், அந்நிலத்தில் கேழ்வரகும் சோளமும் நிலக்கடலையும், அவற்றை விற்று மறுபடியும் மாடு என்று ஓரிரு தலைமுறைக்குள் உகாண்டாவிலேயே உழவுமாடு மிகுந்த வட்டாரமாக டெசோ விளங்கியது. (கேழ்வரகின் பூர்வீகம் உகாண்டா முதல் எத்தியோப்பியா வரையிலான மேட்டுநிலங்களே என்பது பயிரியலாளர்களின் முடிவு. அவ்வீடுகளில் ‘அடாப்’ என்று கிண்டிவைப்பதை முதன்முதலில் பார்த்தபோது, நம் ஊர்க் களியைத்தான் யாரோ எனக்காகச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.) இதற்கிடையில், நாடு விடுதலை பெற்ற பின் 1960-களில் அரசு கூட்டுப் பண்ணைகள் அமைத்து டிராக்டர்களை இறக்கிப் பார்த்தது. உதிரிபாகமும் எரிபொருளும் ஓட்டுநர் கூலியும் சேர்ந்து வரவை விழுங்கிவிட, அம்முயற்சி நீடிக்கவில்லை. ஆப்பிரிக்காவின் வேறு பல நாடுகளிலும் அரசு டிராக்டர் வாடகைத் திட்டங்களுக்கு அக்காலத்தில் இதே கதிதான் நேர்ந்தது.

மாடு போன கதை கொடியது. 1979-இல் இடி அமினின் ஆட்சி கவிழ்ந்தபோது மொரோட்டோ படைமுகாமின் ஆயுதக் கிடங்கு சூறையாடப்பட்டு, அண்டை வட்டாரமான கரமோஜாவின் மேய்ச்சல் குடிகள் கையில் துப்பாக்கிகள் சேர்ந்தன. 1980-களின் பிற்பாதியில் அத்துப்பாக்கிகளோடு நடந்த மாட்டுக் கொள்ளைகளும், 1987 முதல் 1992 வரை நீண்ட உள்நாட்டுக் கிளர்ச்சியும் டெசோவின் தொழுவங்களைக் காலியாக்கின. நான் போய்ச் சேர்ந்தபோது பல வீடுகளில் நுகத்தடி கூரைக்கடியில் செருகிக் கிடந்தது. பூட்டுவதற்கு மாடு இல்லை. எண்பது ஆண்டுகள் ஏர் ஓட்டிய மக்கள் மண்வெட்டிக்குத் திரும்பியிருந்தார்கள். முன்பு ஏர் ஓடிய நிலங்களில் பெரும்பகுதி புதர் மண்டிக் கிடந்தது. குறைந்த வேலையில் விளையும் மரவள்ளியே பல குடும்பங்களுக்குச் சோறாகிவிட்டது. விற்பதற்கென்று எதுவும் மிஞ்சாததால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்றுபோயிருந்தது. இழந்த மாடுகளுக்கு இழப்பீடு கேட்டு டெசோ, லாங்கோ, அச்சோலி வட்டார மக்கள் அதன்பின் பல ஆண்டுகள் வழக்காடியதும், அண்மை ஆண்டுகளில் அரசு அதற்குப் பணம் ஒதுக்கியதும் செய்திகளில் வந்தவையே. மாட்டின் இழப்பை அம்மக்கள் சொத்திழப்பாக மட்டும் எண்ணியிருந்தால் அவ்வழக்கு இத்தனை காலம் உயிரோடு இருந்திராது என்பது என் கருத்து.

பிறகு தேவாலய அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் அரசும் மாடு வாங்கிக் கொடுக்கத் தொடங்கின. மாடுகள் போதாதாகையால் ஒரு ஜோடியைப் பல குடும்பங்கள் கொண்ட ஒரு குழுவுக்கு என்று கொடுப்பது வழக்கம். கோப்பில் அது நியாயமான ஏற்பாடாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மழை பெய்து மண் பதமாகும் நாட்கள் சில. அச்சில நாட்களுக்குள் ஓரேர் உழவனுக்கே கை பறக்கும் என்றால், ஒரே ஏரை எதிர்நோக்கிப் பத்து வீட்டார் நிற்கும் இடத்தில் என்ன நடக்கும்? விதைப்பு ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் மக்காச்சோள விளைச்சலில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும் என்று ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் நடந்த வயல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடைசியில் உழுத குடும்பத்துக்கு மாடு இருந்தும் இல்லாத நிலைதான். நான் பார்த்தவரையில் அண்ணன் தம்பிகளும் பங்காளிகளுமாகச் சேர்ந்த மூன்று நான்கு வீட்டுக் குழுக்கள் நிலைத்தன. அதிகாரிகள் பெயர் எழுதிச் சேர்த்த பெரிய குழுக்கள் இரண்டாவது பருவத்துக்கே உடைந்தன. எத்தியோப்பிய உழவர்கள் இதை எந்த அதிகாரியும் சொல்லாமலே அறிந்திருக்கிறார்கள். அங்கே ஒற்றை எருது மட்டும் உள்ள இரண்டு வீட்டார் தம் மாடுகளை இணைத்து முறைவைத்து உழுவார்கள். அதற்கு ‘மெகெனாஜோ’ என்று பெயர். எருதே இல்லாதவரோ, எருது உள்ளவரிடம் நிலத்தை வாரத்துக்கு விட்டு விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொந்த நிலம் இருந்தும் எருது இல்லாமையே அங்கே ஒருவரை ஏழையாக்கிவிடுகிறது.

இனி நான் சொல்லப்போவது, உழவுமாட்டை ஆதரிப்போர் பலரும் சொல்லத் தயங்குவது. கலப்பை ஆணின் வேலையைக் குறைக்கிறது. பெண்ணின் வேலையைப் பல இடங்களில் கூட்டிவிடுகிறது. உழவு ஆண்களின் பொறுப்பு, களையெடுப்பு பெண்களின் பொறுப்பு என்பது டெசோவிலும் வேறு பல வட்டாரங்களிலும் வழக்கம். மண்வெட்டிக் காலத்தில் கொத்த முடிந்த அளவே நிலம், எனவே அந்த அளவே களை. மாடு வந்ததும் நிலம் இரண்டு மடங்கு மூன்று மடங்காக விரியும். விரிந்த நிலம் முழுவதிலும் குனிந்து களை பறிப்பது அதே இரண்டு கைகள்தான். கேழ்வரகைக் கைவிதைப்பாகத் தூவினால் அதில் எந்தக் கருவியும் நுழையாது. கலப்பை வந்தபின் தம் மகள்கள் பள்ளிக்குப் போகும் நாட்கள் குறைந்துவிட்டதாக ஒரு மூதாட்டி எங்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, உழுத ஹெக்டேர்களை மட்டும் எண்ணி அறிக்கை எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு அவமானமாக இருந்தது. வரிசை விதைப்பும், அவ்வரிசைக்கு இடையே மாடு இழுத்துச் செல்லும் களைக்கருவியும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு நேராகும். மேற்கே செனகல் நாட்டின் நிலக்கடலைப் பகுதியில் குதிரையோ கழுதையோ இழுக்கும் விதைப்புக் கருவியும் களைக்கருவியும் கடலை பிடுங்கும் கருவியும் பல பத்தாண்டுகளாகப் புழங்கி வருகின்றன. ஆனால் கிழக்கிலும் தெற்கிலும் கொடுக்கப்பட்ட கருவிகளைப் பார்த்தால், கலப்பையோடு களைக்கருவியும் கொடுத்த திட்டங்கள் குறைவு. கலப்பை கேட்க வருபவர் ஆண். களைக்கருவி தேவைப்படுபவர் பெண். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவரும் ஆண்தான்.

வண்டியைப் பற்றியும் இதே ஆதங்கம் எனக்கு உண்டு. ஏர் ஓடுவது ஆண்டில் சில வாரங்கள். சுமை இல்லாத நாள் கிராமத்தில் ஒன்றும் கிடையாது. தண்ணீர், விறகு, எரு, அறுவடை, மாவு அரைக்கக் கொண்டுபோகும் தானியம் என்று அத்தனையும் பெண்களின் தலையில்தான் பயணம் செய்கின்றன. தலைச்சுமையாக ஒருவர் இருபது, இருபத்தைந்து கிலோ கொண்டுபோகலாம். ஒற்றைக் கழுதை பூட்டிய வண்டியில் சில நூறு கிலோவை ஏற்றலாம். பேறுகால வலி கண்ட பெண்ணைச் சாலைவரை கொண்டுசேர்க்கவும் அதே வண்டிதான். எருவை வயலுக்குக் கொண்டுபோக வழியிருந்தால் ரசாயன உரம் வாங்க முடியாத வீட்டிலும் மண் தேறும். இருந்தும் டெசோவில் கலப்பை பத்துக் கண்ணில் பட்டால் வண்டி ஒன்று தென்படுவதே அரிதாக இருந்தது. காரணம் எளியது: கலப்பையைக் கொல்லர் செய்துவிடலாம், சக்கரமும் அச்சும் தாங்கிகளும் விலை கூடியவை. பழைய கார்களின் அச்சை எடுத்து வண்டி கட்டும் பட்டறைகளைக் கண்டத்தின் பல நகரங்களில் காணலாம். அப்பட்டறைகளுக்குத் தவணைக் கடன் கிடைக்கச் செய்வது ஒரு டிராக்டரின் விலைக்குள் முடிந்துவிடும் வேலை.

இத்தனை பயன் இருந்தும் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பெரும்பாலானவை ஏன் நெடுங்காலம் ஏரில்லாமல் இருந்தன என்று வாசகர்கள் கேட்கலாம். அறியாமை என்று பதில் சொல்வோர் உண்டு, அது தவறு. செட்சி ஈ என்பதே பெரும்பகுதிக்கான விடை. மாடுகளுக்கு ‘நகானா’ என்னும் உயிர்க்கொல்லி நோயைப் பரப்பும் இந்த ஈ ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் பரவியிருக்கிறது. ஈ வாழ முடியாத உயரமும் குளிரும் கொண்ட எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் மட்டும் ஏருழவு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இருந்துவருவது தற்செயலன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நோயைத் தாங்கும் ‘ந்தாமா’ என்ற சிறிய மாட்டினம் உண்டு. மாலி நாட்டின் தெற்கில் பருத்தியோடு சேர்ந்து ஏருழவு பரவியதில் அதற்கும் அதன் கலப்பினங்களுக்கும் பங்கு இருக்கிறது. சான்சிபாரின் உங்குஜா தீவில் மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிட்டு 1997-க்குள் செட்சி ஈயை அடியோடு ஒழித்தார்கள். பாலும் உழவுமாடும் அங்கே பெருகியதற்கு ஒரு கலப்பையும் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

மாட்டு நோய் எவ்வளவு பெரிய பேரழிவைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இந்தியாவோடு தொடர்புடைய ஒரு துயரச் சான்றும் உண்டு. 1887-இல் இத்தாலியப் படையினர் மசாவா துறைமுகத்தில் இறக்கிய இந்திய மாடுகளோடுதான் வெக்கை நோய் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். அந்நாட்டு மாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்ததாகக் கணக்கு. எருதில்லாமல் உழவு நின்று, 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். கையால் கொத்திப் பயிரிடுமாறு குடிகளைத் தூண்டுவதற்காகப் பேரரசர் மெனெலிக் தாமே மண்வெட்டியை எடுத்து நிலத்தில் இறங்கினார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அதே வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த ஊர்க் கால்நடைப் பணியாளர்களும் செய்த வேலை அது.

எருது நன்மையே உருவானது என்று நான் எழுதவில்லை. மழை தொடங்கும் நாளில்தான் அதன் வலிமை தேவை; கோடை முழுவதும் காய்ந்த தட்டையைத் தின்று எலும்பு தெரிய நிற்பதும் அதே நாளில்தான். மருத்துவச் செலவோ மணக்கொடையோ வந்தால் ஜோடியில் ஒன்று சந்தைக்குப் போய்விடும். ஏனெனில் மாடு என்பது அங்கே உழைப்பாளி மட்டுமன்று, வீட்டின் சேமிப்பும் அதுவே. சரியாகப் பழக்காத மாட்டை ஓட்ட மூன்று பேர் வேண்டும். முன்னால் கயிறு பிடித்து நடக்கும் மூன்றாம் ஆள் பெரும்பாலும் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவனாக இருப்பான். எத்தியோப்பிய உழவரோ ஒரு கையில் மேழியும் மறு கையில் சாட்டையுமாகத் தனியாளாகவே ஜோடியை ஓட்டிவிடுகிறார். இந்த வேறுபாடு மாட்டின் பிறவிக் குணத்தில் இல்லை, பழக்குவதில் இருக்கிறது.

வெளியிலிருந்து கருவி கொடுப்போர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். உழவு, விதைப்பு, களை, வண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பயன்படும் சக்கரம் வைத்த கருவித்தாங்கியை வல்லுநர்கள் ஆப்பிரிக்காவிலும் ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிலையத்திலும் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் ஏறத்தாழ 10,000 கருவிகள் செய்யப்பட்டன. அவற்றை நெடுநாள் அப்பல்பயன் கருவியாகவே வைத்திருந்த உழவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்று 1988-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. விலை கூடியது, கனமானது, ஒன்றை மாட்டி ஒன்றைக் கழற்றுவதில் பொழுது போனது. பலரும் அதை வெறும் வண்டியாகவே ஓட்டினார்கள்! அதேசமயம் செனகலில் 1980-இல் அரசின் கடன் திட்டம் நின்று, கருவித் தொழிற்சாலை நொடித்த பின்பும், பழைய விதைப்புக் கருவிகளை ஊர்க் கொல்லர்கள் பல பத்தாண்டுகள் ஓடவைத்தார்கள். அவர்களுக்கு இரும்புத் தகடும் கரியும் ஒரு நல்ல துளைக்கருவியும் கிடைக்கச் செய்யும் திட்டத்தை எந்த நாட்டு அமைச்சரும் கொடியசைத்துத் தொடங்கிவைப்பதில்லை என்பது அக்கொல்லர்களின் குறையன்று.

கழுதையைப் பற்றி ஓரிரு சொற்கள். எருது வாங்க முடியாத வீட்டுக்கும், குறிப்பாகக் கைம்பெண்களுக்கும், எட்டக்கூடிய விலையில் இருந்த ஒரே உழைக்கும் விலங்கு அதுதான். சீனாவில் ‘எஜியாவ்’ என்ற மருந்துக்காகக் கழுதைத் தோலைக் காய்ச்சும் தொழில் பெருகியதும் ஆப்பிரிக்காவில் கழுதைகள் திருடப்பட்டு அறுக்கப்பட்டன. விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. புர்கினா பாசோவும் நைஜரும் 2016-இல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியம், தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதற்குக் கண்டம் முழுவதும் தடை விதிக்க முடிவெடுத்தது. பெரிய நெல் பண்ணைகளுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் டிராக்டர் போகட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு கண்டத்தின் தலைவர்கள் கூடிக் கழுதையைக் காக்க முடிவெடுத்தது தங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு மூலைச் செய்தியாகவேனும் வந்திருந்தால், அக்கட்டுரையின் வரி வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

இறுதியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ் ‘வழக்கொழிந்த மரக்கலப்பையுடன் ஆப்பிரிக்க உழவர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். படத்தில் உள்ளது எத்தியோப்பியாவின் ‘மாரெஷா’. நம் நாட்டுக் கலப்பையைப் போலவே மண்ணைப் புரட்டாமல் கீறிச் செல்லும் அக்கலப்பையை உழவரே தோளில் சுமந்து போய்விடலாம். இரும்பு முனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே செதுக்கிக்கொள்வார். அந்நாட்டவரின் அன்றாட உணவான தெஃப் என்னும் சிறுதானியத்துக்கு நிலத்தை நாலைந்து முறை உழவேண்டும்; அவ்வுழவில் மிகப் பெரும்பகுதி இன்றும் மாரெஷாவால்தான் நடக்கிறது. வழக்கொழிந்தது என்ற சொல்லை நீக்கித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளர் ஒருவர்,
தாராபுரம்.